ஆலய நிலவறையும் ஆட்டத்திடலும்: அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளின் விழாமரபு

திருச்சபை நிறுவிய கல்லூரிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், நிறுவியவரின் ஊழியத்தையும் கட்டடங்களின் கால வரிசையையும் பட்டம் பெற்றோரின் பெருமையையும் எழுதி முடித்துவிடுவது வழக்கம். விளையாட்டுத் திடலைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதுவே மிகுதி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரிகளின் வரலாற்றை நாமும் பல ஆண்டுகள் அவ்விதமே கற்பித்து வந்தோம். ஒருமுறை இப்பாடம் முடிந்த வேளையில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அக்கல்லூரிகளை அந்த ஏழை மக்கள் நூறாண்டுக்கு மேலாக எதனால் கைவிடாமல் காத்தனர்?" என்று வினவினார். மிஷன் நன்கொடை, அரசின் உதவி என்று நாம் அளித்த விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. பின்னர் எண்ணிப் பார்க்கையில் நமக்கும் நிறைவளிக்கவில்லை. விடை தேடிச் சென்றபோது நாம் எதிர்பாராத ஓர் இடத்தில் வந்து நின்றோம். அது ஆலயமன்று, நூலகமுமன்று. சனிக்கிழமை பிற்பகலில் கால்பந்து ஆடப்படும் திடல்.

ஈண்டுக் குறிக்கப்படும் கால்பந்து நம் ஊர்த் திடல்களில் ஆடப்படுவதன்று. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஒருவர் ஓட, எதிரணியினர் அவரைத் தரையில் வீழ்த்தித் தடுக்கும் முரட்டு ஆட்டம் அது. நான்கு காற்பகுதிகளாக ஆடப்படும். நடுவில் இடைவேளை உண்டு. அவ்விடைவேளையில் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழு, நூறு பேர், இருநூறு பேர் கொண்ட சேனைபோல் திடலில் இறங்கி, இசைத்துக்கொண்டே அணிவகுத்து நடந்து ஆடும். வேறு கல்லூரிகளில் மக்கள் சிற்றுண்டி வாங்க எழுந்து போகும் நேரம் இதுவே. கறுப்பினக் கல்லூரிகளிலோ இடைவேளையில் எவரும் இடத்தைவிட்டு அசைவதில்லை. ஆட்டம் நடக்கையில் எழுந்து போய்வருவர். வாத்தியம் முழங்குகையில் அமர்ந்திருப்பர்.

நிலவறையில் தொடங்கியவை

உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றபோது ஏறக்குறைய நாற்பது லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்தது. போர் ஓய்ந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் கல்விச்சாலைகள் எழும்பத் தொடங்கின. அவை எழும்பிய இடங்களைக் கவனித்தல் வேண்டும். மோர்ஹவுஸ் கல்லூரி 1867இல் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் ஸ்பிரிங்ஃபீல்டு பாப்திஸ்து ஆலயத்தின் நிலவறையில் தொடங்கியது. பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரி 1881இல் அட்லாண்டாவில் மற்றொரு பாப்திஸ்து ஆலயத்தின் நிலவறையில் பதினொரு மாணவியரோடு தொடங்கியது. அதே ஆண்டில் அலபாமாவில் டஸ்கீகி, சீயோன் மெதடிஸ்டு ஆலயம் ஒன்றையும் அதன் அருகே இருந்த பழங்குடிலையும் தவிர வேறு கூரையின்றி, முப்பது மாணவரோடு தொடங்கியது. வடநாட்டு மிஷன் சங்கங்களும் கறுப்பினத்தாரின் சொந்தச் சபைகளும் போட்டியிட்டாற்போல் இப்பணியில் இறங்கின. அரசினர் பின்னரே வந்தனர். வெள்ளையர் கல்லூரியில் கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுக்கும் மாநிலம் அவர்களுக்கென ஒரு தனிக் கல்லூரியேனும் நடத்த வேண்டும் என 1890இல் கூட்டாட்சிச் சட்டம் விதித்த பிறகு, வேளாண்மையும் கைத்தொழிலும் கற்பிக்கும் அரசுக் கல்லூரிகள் பெருகின. இவ்விரு வகையும் சேர்ந்து இன்று ஏறக்குறைய நூறு கல்லூரிகள் உள்ளன.

ஏழைக் கல்லூரியை இசை காப்பாற்றிய முதல் நிகழ்ச்சி பேண்டு வாத்தியத்துக்கு முந்தியது. நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் கல்லூரி கடனில் மூழ்கி மூடப்படும் நிலையில் இருந்தபோது, பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் என்பார் 1871ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு பாடிப் பொருளீட்டப் புறப்பட்டார். முதலில் அவர்கள் மேனாட்டு நாகரிக இசையையே பாடினர். தம் பெற்றோர் வயல்களில் பாடிய ஞானப் பாடல்களை அந்நியர் முன் பாட அவர்கள் கூசினர். அடிமைத்தனத்தின் அவமானமும் பக்தியின் அந்தரங்கமும் அப்பாடல்களில் ஒன்றாய்க் கலந்திருந்தமையே காரணம். ஆயினும் கேட்போரின் உள்ளத்தை உருக்கியவை அப்பாடல்களே. 1873இல் அவர்கள் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் முன் பாடினர். ஈட்டிய பணத்தால் 1876இல் ஜூபிலி மண்டபம் எழுந்தது. அப்பெயர் தாங்கிய பிற்காலக் குழு ஒன்று இந்தியாவுக்கும் வந்து பாடிச் சென்றது. மறைத்து வைக்க எண்ணிய ஒன்றே மூலதனமாயிற்று என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இது மீண்டும் வரும்.

பனியில் நடந்த ஆட்டம்

வட கரோலினா மாநிலத்தில் சால்ஸ்பரி என்னும் ஊர். 1892ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள். கிறிஸ்து பிறப்புத் திருநாள் கழிந்து இரண்டாம் நாள். லிவிங்ஸ்டன் கல்லூரியின் முன்புல்வெளியில், பொழியும் பனியின் நடுவே, கறுப்பினக் கல்லூரிகள் இரண்டு முதன்முதலாகக் கால்பந்து ஆடின. விருந்தாளியாக வந்தது ஷார்லட் நகரத்துப் பிடில் கல்லூரி. 1923 முதல் ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது இதுவே. பிடில் கல்லூரி பிரஸ்பிட்டேரியன் போதகர்களால் 1867இல் நிறுவப்பட்டது. லிவிங்ஸ்டன் கல்லூரி ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் சீயோன் சபையாருடையது. ஆப்பிரிக்காவில் மரித்த மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனின் பெயரைத் தாங்குவது.

அந்நாளில் இவ்விரு கல்லூரிகளின் தலைவர்களும் கறுப்பினப் போதகர்களே. பிடிலின் தலைவர் டேனியல் சாண்டர்ஸ் அடிமையாய்ப் பிறந்தவர். அக்கல்லூரியின் முதல் கறுப்பினத் தலைவராக அதற்கு முந்திய ஆண்டில்தான் பொறுப்பேற்றிருந்தார். லிவிங்ஸ்டனின் தலைவர் ஜோசப் சார்லஸ் பிரைஸ், தம் நாவன்மையால் இங்கிலாந்தில் ஏறத்தாழ பத்தாயிரம் டாலர் திரட்டிக் கல்லூரியை நிலைநிறுத்தியவர். ஆட்டம் நடந்த மறு ஆண்டில் நாற்பது வயது நிரம்பாமலே மரித்தார். ஆட்டக்காரர் அன்றாடக் காலணிகளின் அடியில் ஆணிக் கட்டைகளைப் பொருத்திக்கொண்டு, தேவையென்று கண்ட இடத்தில் பஞ்சுத் திண்டு தைத்த உடைகளோடு இறங்கினர். முற்பகுதியில் பிடில் வெற்றிப்புள்ளி பெற்றது. பிற்பகுதியில் லிவிங்ஸ்டன் மாணவர் வில்லியம் டிரென்ட், எதிரணியார் நழுவவிட்ட பந்தைப் பற்றிக்கொண்டு எல்லையைக் கடந்தார். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது எனப் பிடில் அணியார் வாதிட்டனர். கோடுகளோ பனியின் கீழ் மறைந்து கிடந்தன. நடுவர் பிடிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார், பிடில் வென்றது. டிரென்ட் பிற்காலத்தில் 1925 முதல் 1957 வரை லிவிங்ஸ்டனின் தலைவராக விளங்கினார். அந்த ஒரு தீர்ப்பை அவருடைய கல்லூரியார் இன்றளவும் முழுமனதோடு ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை!

கறுப்பினத்தாருக்குத் "தனியான ஆயினும் சமமான" இடம் என்னும் பொய்யை உச்ச நீதிமன்றம் 1896இல் சட்டமாக்கியது. ஆட்டம் நடந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர். ஆயினும் கதவுகள் அதற்குள்ளாகவே ஒவ்வொன்றாய் அடைபட்டுக்கொண்டிருந்தன. இக்கல்லூரிகள் வெள்ளையர் கல்லூரிகளோடு ஆட இயலாது. ஆகவே தங்களுக்குள் ஆடின. தங்களுக்கென நடுவரையும் விழாவையும் பத்திரிகையையும் உண்டாக்கிக்கொண்டன.

கிதாரும் அகராதியும்

வாத்தியக் குழுவின் வரலாற்றுக்கு வருவோம். நம் வாசகருக்கு மிகவும் ஏற்ற கதை ஒன்று இங்கு உண்டு. அலபாமாவில் ஃபிளாரன்ஸ் என்னும் ஊரில் 1873இல் பிறந்த டபிள்யூ. சி. ஹாண்டி, மெதடிஸ்டு போதகரின் மகன், போதகரின் பேரன். சிறுவனாயிருக்கையில் பழம் பறித்தும் சிறு வேலைகள் செய்தும் காசு சேர்த்து ஒரு கிதார் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். தந்தையார் அதனைப் பிசாசின் கருவி எனக் கண்டு, உடனே திருப்பிக் கொடுத்து அதற்கு ஈடாக ஓர் அகராதி வாங்கிவருமாறு கட்டளையிட்டார். அகராதி நல்ல நூல்தான். நம்முள்ளும் அத்தந்தையார் செய்ததைச் செய்திருக்கக்கூடியவர் பலர் உளர். பையன் கீழ்ப்படிந்தான், ஆயினும் இசையை விட்டானில்லை.

வளர்ந்தபின் ஹாண்டி 1900 முதல் 1902 வரை அலபாமாவின் அரசு வேளாண்மைக் கைத்தொழிற் கல்லூரியில் இசையாசிரியராகவும் வாத்தியக் குழுத் தலைவராகவும் பணியாற்றினார். கல்லூரித் தலைவர் வில்லியம் கவுன்சில் ஐரோப்பிய இசையை மட்டுமே உயர்ந்ததெனக் கருதுபவர். தம்மின மக்களின் துள்ளிசை கல்லூரிக்குத் தகாது என்பது அவர் கொள்கை. ஹாண்டி ஒரு தந்திரம் செய்தார். அத்தகைய துள்ளிசை ஒன்றை எடுத்து, ஹெய்ட்டித் தீவின் விடுதலை வீரர் தூசேன் லூவெர்ச்சூருக்கு வணக்கம் எனக் கம்பீரமான பெயர் சூட்டி நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டார். தலைவரும் பேராசிரியரும் அதனை மிகவும் சுவைத்தனர்! இவரே பின்னர் "புளூஸ்" என்னும் இசைவகையை அச்சில் ஏற்றி உலகறியச் செய்தவர்.

இச்சிறு கதைக்குள் நீண்டதொரு போராட்டம் அடங்கியுள்ளது. பேண்டு வாத்தியம் கல்லூரிகளுக்கு வந்தது இராணுவத்திலிருந்து. ஒழுங்கையும் நிமிர்ந்த நடையையும் கற்பிக்கும் என்பதால் கல்லூரித் தலைவர்கள் அதனை வரவேற்றனர். ஆயின் அதற்குள் ஆலயத்தின் கைத்தாளமும் வயலின் பாட்டும் வீதியின் துள்ளலும் புகுந்துவிட்டன. சபையின் மூப்பர்கள் முகஞ்சுளித்தனர். பெட்டிக்கு முன்பாகத் தாவீது அரசன் நடனமாடியபோது சாளரத்தின் வழியே பார்த்து அவனை அவமதித்த மீகாளின் முகம் அது. மீகாள் பேசியதும் அரச மாண்பின் பெயராலேயே என்பதை மறந்துவிடலாகாது. அடிமைகளின் பிள்ளைகளைக் கற்றவர் என உலகம் மதிக்க வேண்டும் என்ற ஏக்கமே கவுன்சில் போன்றோரின் கண்டிப்புக்கு வேர். அதனை நாம் எளிதில் நகைத்து ஒதுக்க மாட்டோம்.

இவ்விரு நாட்டங்களையும் ஒரே அணிவகுப்பில் பொருத்திக் காட்டியவர் வில்லியம் பி. ஃபாஸ்டர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசை பயின்று, சிம்பொனி இசைக்குழுவை நடத்தும் ஆசையோடிருந்த இவரிடம், கறுப்பின இசைநடத்துநருக்கு இந்நாட்டில் வேலை கிடையாது எனப் பேராசிரியர் ஒருவர் கூறிவிட்டார். அச்சொல்லைச் சுமந்துகொண்டு 1946இல் புளோரிடா ஏ அண்டு எம் கல்லூரிக்கு வந்த ஃபாஸ்டர், "மார்ச்சிங் 100" எனப் பெயர் பெற்ற வாத்தியக் குழுவைக் கட்டியெழுப்பினார். முழங்காலை இடுப்பளவு உயர்த்தி நடத்தல், இசைத்துக்கொண்டே ஆடுதல், மின்னலென விரைந்தும் மறுகணம் நத்தையென ஊர்ந்தும் நடத்தல், மக்கள் வானொலியில் கேட்ட பாட்டையும் சிம்பொனிப் பகுதியையும் அடுத்தடுத்து வாசித்தல் ஆகிய முறைகள் அவர் கையில் முழுமை பெற்றன. அமெரிக்காவின் வெள்ளையர் கல்லூரிக் குழுக்களும் பின்னர் இவற்றைக் கற்றுக்கொண்டன. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழா 1989ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் பாரிஸில் நடந்தபோது அமெரிக்காவின் சார்பாக அணிவகுத்துச் சென்றது இக்குழுவே. வேலை கிடையாது எனப்பட்டவர் 1998 வரை, ஐம்பதாண்டுக்கு மேலாக, அதே வேலையைச் செய்தார்.

ஒரு நாள் நகரம்

கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களுள் ஆண்டுதோறும் குறித்த நாளில், பெரும்பாலும் ஒரு பெருநகரத்தில் நடப்பவற்றுக்குக் "கிளாசிக்" என்று பெயர். டஸ்கீகியும் அலபாமா ஸ்டேட்டும் 1924 முதல் மான்ட்கமரியில் நன்றி செலுத்தும் திருநாளன்று ஆடின. புளோரிடா ஏ அண்டு எம் கல்லூரி 1933இல் ஆரஞ்சு மலர் கிளாசிக்கைத் தொடங்கி, 1947 முதல் மயாமி நகரத்துப் பெரிய அரங்கில் நடத்தியது. இவை வெறும் பந்தாட்டங்களென எண்ணலாகாது. மற்ற நாள்களில் பின்வாசலால் நுழைந்து, பேருந்தின் பின்வரிசையில் அமர்ந்து, குழாயடியிலும் தனிக் குழாயில் நீர் அருந்தியவர் அன்றைக்குத் தம்மிடமிருந்த சிறந்த உடையை உடுத்தி நகரத்தின் நடுத்தெருவில் ஊர்வலமாகச் சென்றனர். முடிதிருத்துவோர், சமையற்காரர், ஆசிரியர், வைத்தியர், போதகர் ஆகிய அனைவரும் ஓரரங்கில் அமர்ந்தனர். பந்தயத்தின் முன்னர் ஜான்சன் சகோதரர் 1900இல் இயற்றிய தங்கள் இனத்தின் கீதத்தை எழுந்து நின்று பாடினர். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு காலையில் கல்லூரிச் சிற்றாலயத்தில் ஆராதனை. பழைய மாணவர் ஆண்டுதோறும் தாய்வீடு திரும்பும் விழாவிலும் இதே முறை. நாம் வகுப்பில் பெற்ற வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது எனக் கருதுகிறோம். மக்கள் நன்கொடைக் கடிதத்துக்கு இணங்கி அன்று, பிள்ளைப் பருவத்தில் தந்தையின் தோளில் அமர்ந்து கண்ட அணிவகுப்பின் நினைவால் அக்கல்லூரிகளைத் தங்களுடையவை என உணர்ந்தனர்.

எடி ராபின்சன் என்பாரை இங்குக் குறிப்பிடாமல் செல்லலாகாது. லூசியானாவின் வடபகுதியில் கிராம்ப்ளிங் என்னும் சிற்றூர்க் கல்லூரியில் 1941இல் பயிற்சியாளராக அமர்ந்து 1997 வரை அதே பணியில் இருந்து 408 வெற்றிகள் கண்டவர். தொடக்கத்தில் திடலில் கோடு போடுவதும் அவரே. பயணத்தில் உணவுவிடுதிகள் கறுப்பினத்தாருக்கு உணவளிக்க மறுத்தமையால், ஆட்டக்காரருக்கு ரொட்டி கட்டியெடுத்துச் செல்வதும் அவர் பொறுப்பு. அவருடைய அணியும் மார்கன் ஸ்டேட் அணியும் 1968இல் நியூயார்க் யாங்கி அரங்கில் ஆடியபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

எதிர்ப்பும் எழாமலில்லை. பேரறிஞர் டுபாய்ஸ் 1930இல் ஹவர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையில், கல்லூரி மாணவர் கால்பந்திலும் சங்கக் கேளிக்கைகளிலும் காலத்தைப் போக்கிப் பண்பாட்டின் ஆழத்தை அறியாதிருக்கின்றனர் எனக் கடிந்துரைத்தார். அதற்கு முன்னரே, 1927இல், அப்பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவரான பாப்திஸ்து போதகர் மொர்தெகாய் ஜான்சனின் நிர்வாகம் ஆட்டக்காரருக்கு அளித்துவந்த உணவு, உறைவிடச் சலுகைகளை நிறுத்தியதால் மாணவர் வேலைநிறுத்தம் செய்தனர். (இந்தியாவுக்கு வந்து திரும்பி, 1950இல் பிலடெல்பியாவில் காந்தியடிகளைக் குறித்து உரையாற்றி, குருத்துவ மாணவராயிருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் உள்ளத்தில் தீ மூட்டியவர் இவரே.) டுபாய்ஸின் கண்டனத்தில் உண்மை உண்டு என்றே நாம் கொள்கிறோம். ஆயினும் அறுபதுகளில் நடந்தவற்றை நோக்குங்கால் அவர் காணாத ஒன்றும் புலப்படுகிறது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் வட கரோலினா ஏ அண்டு டி கல்லூரி மாணவர் நால்வர் கிரீன்ஸ்பரோ நகரத்துக் கடையில் வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேசையில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். சில நாள்களில் வெறிகொண்ட வெள்ளை இளைஞர் கடையை நிரப்பி வழிமறித்தபோது, கையில் சிறு தேசியக் கொடி ஏந்திக் கூட்டத்தைப் பிளந்து வழியமைத்தவர் அக்கல்லூரியின் கால்பந்து அணியினர். திடலில் கற்ற வியூகம் அது. அடிதடி செய்யாமல் கையாளப்பட்டது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் தென் கரோலினா ஸ்டேட் கல்லூரியில், பந்துருட்டும் விளையாட்டுக் கூடம் ஒன்று கறுப்பினத்தாரை அனுமதிக்க மறுத்ததை எதிர்த்த மாணவர்மேல் காவலர் சுட்டபோது இறந்த இளைஞர் மூவருள் ஒருவர் கால்பந்து ஆட்டக்காரர். விளையாடும் உரிமை சிறு காரியம் என்போர் அவ்வூருக்குச் சென்று கூறட்டும்.

வாசல் திறந்தபின்

பிரிவினை முறிந்தபின் நேர்ந்ததை எழுதுவது எளிதன்று. 1970ஆம் ஆண்டு செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின ஆட்டக்காரர் பலரைக் கொண்ட தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி வெள்ளையர் மட்டுமே ஆடிய அலபாமா அணியை 42-21 என முறியடித்தது. அதன்பின் தென்னாட்டுப் பெரும் பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞரைத் தேடி அழைக்கலாயின. நீதி வென்றது, கறுப்பினக் கல்லூரிகளோ தம் சிறந்த ஆட்டக்காரரை இழந்தன. நல்லதொரு வெற்றியின் செலவை ஏழைக் கல்லூரிகளே செலுத்தின. 2012இல் சவன்னா ஸ்டேட் என்னும் சிறு கல்லூரி, பணமுடையால், பெரும் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆடச்சென்று 84-0 எனத் தோற்றது. தோற்பதற்கென்றே கூலி பெற்ற ஆட்டம் அது. 2013இல் எடி ராபின்சனின் சொந்தக் கிராம்ப்ளிங் அணியினர், பயிற்சிக்கூடத்தின் சீர்கேட்டை எதிர்த்து, ஓர் ஆட்டத்துக்குச் செல்லவே மறுத்துவிட்டனர்.

ஆட்டத்தின் தரம் குன்றியபோது விழாவைத் தாங்கியது வாத்தியம். கிராம்ப்ளிங்கும் சதர்ன் பல்கலைக்கழகமும் 1974இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய பேயூ கிளாசிக்கே இன்று இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. முந்திய இரவு வாத்தியக் குழுக்களின் போட்டி, மறுநாள் ஆட்டம். ஆட்டம் முடிந்தபின்னும் கூட்டம் கலைவதில்லை. இரு குழுக்களும் எதிரெதிர் வரிசையில் நின்று, ஒன்று வாசித்து ஓய மற்றது விடை வாசிக்க, இருளும்வரை மாறிமாறி முழங்கும். நான்கே காற்பகுதி கொண்ட ஆட்டத்துக்கு இதனை "ஐந்தாம் காற்பகுதி" என்பர். போதகர் ஒரு சொல் கூறச் சபையார் மறுமொழி முழங்கும் கறுப்பினத் திருச்சபையின் பிரசங்க முறையை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. 2005இல் சூறாவளியும் வெள்ளமும் நகரத்தை அழித்தபோது விழா ஹியூஸ்டனுக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டே ஊர் திரும்பியது.

இனி மகிழ்ச்சியற்ற ஒன்றையும் எழுத வேண்டும். 2011ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஆர்லாண்டோ நகரில் ஆட்டம் முடிந்த இரவில், ஃபாஸ்டர் வளர்த்த அதே புகழ்மிக்க குழுவின் டிரம் மேஜர்களுள் ஒருவர், இருபத்தாறு வயதினர், பேருந்துக்குள் சக வாத்தியக்காரரின் அடியால் இறந்தார். பேருந்தின் முன்புறத்திலிருந்து பின்புறம்வரை அடிகளுக்கு இடையே கடந்துசெல்வதே அவர்களுக்குள் மதிப்புப் பெறும் சடங்காக இருந்தது. மாணவர் பலர் தண்டனை பெற்றனர். பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். குழு 2013 வரை இசைக்காமல் நிறுத்தப்பட்டது. இரகசியமாய் நடந்தது என்று கூறப்பட்டது. ஆயினும் அத்தகைய அடிகள் அதற்கு முன்னரும் அக்குழுவில் நடந்து வழக்குமன்றம்வரை சென்றதுண்டு. கைதட்டிய நம் போன்றோர் கேட்கவில்லை, அவ்வளவே. ஓர் இனத்தின் பெருமையைச் சுமக்கும் சீருடைக்குள் ஒரு பிள்ளையின் முதுகு எவ்வளவு சுமக்கும் என்று கேட்க வேண்டியவர் முதலில் பெரியோரே.

அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரி மற்றுமோர் எச்சரிக்கை. கறுப்பின மெதடிஸ்டுகள் பிறர் உதவியின்றித் தாங்களே 1881இல் நிறுவியது அது. 2002 டிசம்பரில், கறுப்பினக் கல்லூரி வாத்தியக் குழுக்களைப் பற்றிய "டிரம்லைன்" என்னும் திரைப்படம் வெளிவந்து நாடெங்கும் ஓடியது. மோரிஸ் பிரவுன் குழுவும் தன் சொந்தப் பெயரிலேயே அதில் தோன்றியது. அதே மாதத்தில் கல்லூரியின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. கடன் பெருகியிருந்தது, மாணவர் உதவித்தொகைக் கணக்குகளில் முறைகேடு நிகழ்ந்திருந்தது. திரையில் நூற்றுக்கணக்கானோர் கொட்டி முழக்கிய கல்லூரியில் சில ஆண்டுகளில் ஒரு சிற்றாலயச் சபையளவு மாணவரே எஞ்சினர். இருபது ஆண்டு கழித்து, 2022இல், அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. முரசின் ஒலியால் கணக்குப் புத்தகம் சரியாகிவிடுவதில்லை.

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாஷ்வில் நகரத்து டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழக வாத்தியக் குழு, ஞானப்பாட்டுகளை அணிவகுப்பு இசையாக அமைத்த தட்டுக்குக் கிராமி விருது பெற்றது. கல்லூரி அணிவகுப்புக் குழு ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஜூபிலிப் பாடகர் ஒன்பதின்மர் கூச்சத்தோடு புறப்பட்ட நகரமும் நாஷ்வில்லே. ஹாண்டியின் தந்தையார் இதனைக் கேட்டிருந்தால் என்ன கூறியிருப்பார் என எண்ணிப் பார்ப்பது நமக்கு ஒரு சிறு இன்பம்.

சால்ஸ்பரியில் 1892இல் ஆடிய இரு கல்லூரிகளும் இன்றும் ஆண்டுதோறும் ஆடுகின்றன. போதகரை உருவாக்கும் பொருட்டே தொடங்கிய அவ்விரு கல்லூரிகளிலும் இறையியல் துறை இன்று இல்லை. ஜான்சன் சி. ஸ்மித்தின் இறையியல் கல்லூரி 1969இல் அட்லாண்டாவுக்குப் பெயர்ந்தது. லிவிங்ஸ்டனின் இறையியல் பிரிவு 2001இல் தனிக் கல்லூரியாகப் பிரிந்தது. குருத்துவ மாணவர் போய்விட்ட வளாகங்களில் கால்பந்து அணியும் வாத்தியக் குழுவும் இருக்கின்றன. இலையுதிர் காலத்து ஒரு சனிக்கிழமையில் பழைய மாணவர்கள், அவர்களுள் முதிய போதகர்களும் உண்டு, மடக்கு நாற்காலிகளோடு வந்து திடலோரத்தில் இடம் பிடிக்கின்றனர்.